பழைய வேதப் பிரதியை நேரில் பார்த்தபோது: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து (தொடங்கியவர்)

"வானமும் பூமியும் ஒழிந்துபோம், என் வார்த்தைகளோ ஒழிந்துபோவதில்லை." ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனம். அது எப்படி நடந்தது என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. "ஓர் எழுத்தும் மாறவில்லை" என்று பிரசங்கத்தில் சொல்வார்கள், நாமும் ஆமென் சொல்லிவிட்டு வந்துவிடுவோம். பழைய பிரதி ஒன்றையோ, இரண்டு பிரதிகளுக்கு இடையில் ஒரு வித்தியாசத்தையோ கண்ணால் பார்த்தவர்கள் எழுதுங்கள். விவாதம் வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும்.

மான்செஸ்டரிலிருந்து

வேலைக்காக இங்கே வந்தவன் நான். டீன்ஸ்கேட் சாலையில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகம் இருக்கிறது. யோவான் சுவிசேஷத்தின் ஒரு துண்டு அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. பி52 என்பது அதன் அடையாள எண். எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் (நாணலில் செய்த பழங்காலத் தாள்), ஏடிஎம் கார்டு அளவுதான். இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று பலரும், இன்னும் கொஞ்சம் பிந்தியது என்று சிலரும் சொல்கிறார்கள். முன்பக்கம் 18:31 முதல் 33 வரை, பின்பக்கம் 37, 38. ஒரு வரிகூட முழுதாக இல்லை. ரோம ஆளுநர் பிலாத்து இயேசுவை விசாரிக்கிற பகுதி அது, "சத்தியமாவது என்ன" என்று கேட்பானே, அந்த இடம்.

உண்மையைச் சொன்னால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. இவ்வளவுதானா என்று தோன்றியது. பிறகுதான் உறைத்தது: இது யாரும் பத்திரப்படுத்தி வைத்த பொருள் இல்லை. எல்லோரும் மறந்துபோய், எகிப்து மண்ணின் வறட்சியில் தப்பிக் கிடந்தது. 1920-இல் வேறு பாப்பிரஸ்களோடு சேர்த்து வாங்கினார்கள், இன்னதென்று கண்டுபிடித்து வெளியிட 1935 ஆகிவிட்டது.

வேலூரிலிருந்து

நான் சிஎஸ்ஐ, என் கணவர் ஆர்சி. வீட்டு ஜெபத்தில் அவர் கத்தோலிக்கர் வாசிக்கிற புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் வாசிப்பார், நான் என் பழைய பைபிளில் விரல் வைத்துக்கொண்டே வருவேன். ஒருநாள் 1 யோவான் 5. என்னுடையதில் ஏழாம் வசனம், "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி". அவர் வாசித்ததில் அது இல்லை. "ஒரு வரியை விட்டுட்டீங்க" என்றேன். "இதுல இருந்தாத்தானே வாசிக்க" என்றார். என் மாமியார் வேறு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், கேட்கவா வேண்டும்!

தேடிப் பார்த்ததில், அந்த வாக்கியம் பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை, லத்தீன் பிரதிகள் வழியாக வந்தது என்று தெரிந்தது. எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய அறிஞர் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் 1516-லும் 1519-லும் அது கிடையாது. அப்புறம் அந்த வரியோடு கிரேக்கக் கையெழுத்துப் படி ஒன்று அவருக்குக் காட்டப்பட்டது. 1522 பதிப்பில் சேர்த்தார். அந்தப் படி இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. நம் பழைய தமிழ் பைபிள் அந்த அச்சு வழியில் வந்தது.

எங்கள் சபையில் ஒருவர், "வசனத்தைக் குறைக்கிறவர்களுக்கு வெளிப்படுத்தல் 22-இல் தண்டனை உண்டு" என்று எகிறினார். போதகர் அமைதியாக, "அதற்கு முந்தின வசனம் கூட்டுகிறவர்களைப் பற்றியது, அதையும் வாசியுங்கள் ஐயா" என்றார்.

நாகர்கோவிலிலிருந்து

வாலிபர் கூட்டத்தில் ஒரு கல்லூரி மாணவன், சவக்கடல் சுருளில் ஏசாயா அப்படியே இருக்கிறதாமே, காட்டுங்கள் என்றான். எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகம் 2011 முதல் சுருள் முழுவதையும் இணையத்தில் பார்க்க வைத்திருக்கிறது. புரொஜெக்டரில் போட்டோம். ஏழு மீட்டருக்கு மேல் நீளம், 54 பத்திகள் (பக்கம் போல மேலிருந்து கீழாக எழுதிய நெடுவரிசைகள்), தோல் துண்டுகளைத் தைத்து இணைத்த தையல்கூடத் தெரிகிறது. 1947-இல் கும்ரான் குகையில் அது கிடைக்கும்வரை, எபிரெயப் பழைய ஏற்பாட்டுக்கு நம்மிடம் இருந்த மிகப் பழைய முழுப் பிரதி கி.பி. 1008-இல் எழுதப்பட்டது. சுருள் அதைவிட ஆயிரம் வருஷத்துக்கும் மேல் மூத்தது.

எல்லோருக்கும் தெரிந்த 40-ஆம் அதிகாரத்துக்குப் போனேன், 33-ஆம் பத்தி. "புல் உலர்ந்து பூ உதிரும்" என்பது அடுத்தடுத்து இரண்டு முறை வரும் இல்லையா? எழுதியவர் முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தாவிவிட்டார் போல. இடையில் உள்ள "ஜனமே புல்" எல்லாம் அவர் கையெழுத்தில் இல்லை. பின்னால் வேறொருவர் வரிக்கு மேலே பொடி எழுத்தில் எழுதி, இடம் போதாமல் இடது ஓரத்தில் கீழ்நோக்கி இறக்கியிருக்கிறார். கர்த்தரின் பெயர் வர வேண்டிய இடத்தில் எழுத்தே இல்லை, நாலு புள்ளிகள். "நமது தேவனுடைய வசனமோ என்றென்றைக்கும் நிற்கும்" என்கிற அதே இடத்தில் இந்த ஒட்டுவேலை!

பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் அந்தப் பகுதி இல்லாததால், மூலமே சிறியதாக இருந்திருக்கலாம் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. பையன்களிடம் அதையும் சொன்னேன். எழுத்துக்கூட்டு வித்தியாசங்கள் சுருள் முழுக்க ஏராளம், ஆகவே "ஓர் எழுத்தும் மாறவில்லை" என்ற பேச்சு அங்கே நிற்காது. ஆனால் 66 அதிகாரங்களும் வரிசையாக, நாம் வாசிக்கிற அதே ஏசாயாவாக இருக்கின்றன. இங்கிலாந்தில் எழுதப்பட்ட 1646-இன் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, தேவனுடைய விசேஷப் பராமரிப்பால் வேதம் எல்லாக் காலத்திலும் தூய்மையாகக் காக்கப்பட்டது என்கிறது. அந்தப் பராமரிப்பு தேவதூதன் கையால் வந்திருக்கும் என்று நினைத்திருந்த பையன்கள், ஓரத்தில் நெருக்கி எழுதிய ஒரு மனுஷன் கையைப் பார்த்தார்கள். எரேமியா 36-லும் இதுதானே? ராஜா யோயாக்கீம் எரேமியாவின் சுருளை அறுத்துக் கணப்பில் போட்டான், எரேமியா சொல்லச் சொல்ல எழுதுகிற பாருக் மறுபடி உட்கார்ந்து எழுதினான்.

பாளையங்கோட்டையிலிருந்து (தொடங்கியவர்)

மாற்கு 16 பற்றி யாரும் எழுதாததால் நானே சொல்கிறேன். நம் பைபிளில் அந்த அதிகாரத்துக்கு இருபது வசனம். லண்டனில் உள்ள சீனாய் கையெழுத்துப் படியின் (மிகப் பழைய கிரேக்க பைபிள் பிரதி) அந்தப் பக்கத்தை இணையத்தில் பார்த்தேன். எட்டாம் வசனத்தோடு மாற்கு முடிகிறது. பத்தியின் மீதி வெறுமை, அடுத்த பத்தியில் லூக்கா தொடங்கிவிடுகிறது.

வருகிற ஈஸ்டருக்கு அந்த அதிகாரம் வாசிக்க வேண்டியவன் நான்தான். இருபது வசனத்தையும் வாசிக்கத்தான் போகிறேன். ஆராதனை முடிந்து யாராவது கேட்டால் காட்டுவதற்குப் படத்தைப் போனில் எடுத்து வைத்திருக்கிறேன்.