உணரிகள் முரண்படும்போது சராசரி எடுப்பது சரியா?

கேள்வி:
வணக்கம். என் ட்ரோனின் உயரத்தைக் காற்றழுத்த உணரி, ஜி.பி.எஸ். ஆகிய இரண்டிலிருந்தும் பெற்று, விலக்க வர்க்கச் சராசரிக்கு (திட்டவிலக்கத்தின் வர்க்கம்) எதிர்விகிதத்தில் எடையிட்டு இணைக்கிறேன். திட்டவிலக்கம், அதாவது அளவீடு வழக்கமாகச் சிதறும் அளவு, முன்னதற்கு 1 மீட்டர், பின்னதற்கு 3 மீட்டர் என்பதால் எடைகள் 0.9, 0.1. நேற்றுக் காலை 6 மணிக்கு அழுத்த உணரியைத் தரையில் சுழியமாக்கிவிட்டு 10 மணிக்குப் பறக்கவிட்டபோது, அது 40 மீட்டர் என்றும் ஜி.பி.எஸ். 52 மீட்டர் என்றும் காட்டின. நிரலோ 41.2 மீட்டர் என்று சொல்லி, திட்டவிலக்கம் 0.95 ஆகக் குறைந்துவிட்டதாகவும் அறிவித்தது. சாட்சிகள் முரண்படும்போது உறுதி கூடுவது எப்படிச் சரியாகும்?

மறுமொழி 1:
உங்கள் ஐயம் மிகச் சரியானது. அந்தச் சூத்திரம் நீங்கள் முன்கூட்டியே கொடுத்த திட்டவிலக்கங்களை மட்டுமே பார்க்கிறது. அளவீடுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே இல்லை. 1960-இல் ருடால்ஃப் கால்மன் வெளியிட்ட வடிகட்டியின் (இரைச்சல் கலந்த அளவீடுகளிலிருந்து உண்மை நிலையை மதிப்பிடும் கணக்குமுறை) அடிப்படை வடிவத்துக்கும் இதே குறை உண்டு. ஆகவே இணைப்பதற்கு முன் வேறுபாட்டைச் சோதியுங்கள்: அதன் திட்டவிலக்கம் 10-இன் வர்க்கமூலம், அதாவது ஏறத்தாழ 3.16 மீட்டர். உங்களுக்கு வந்த 12 மீட்டர் அதைப்போல் 3.8 மடங்கு. இது தற்செயல் இரைச்சலன்று. ஏதோ ஓர் உணரியில் நிலையான பிழை இருக்கிறது. அதைக் கண்டறியாமல் எடுக்கும் சராசரிக்குப் பொருளில்லை.

மறுமொழி 2:
பெரும்பாலும் அழுத்த உணரிதான் காரணம். வெப்பமண்டலப் பகுதிகளில் வளிமண்டல அழுத்தம் அதிகாலை 4 மணியளவில் தாழ்ந்து, காலை 10 மணியளவில் உச்சமடைவது அன்றாட நிகழ்வு. கடல் மட்டத்தருகே 1 ஹெக்டோபாஸ்கல் மாற்றம் சுமார் 8 மீட்டர் உயரத்துக்கு ஈடு என்பதால், அழுத்தம் ஒன்றரை ஹெக்டோபாஸ்கல் ஏறினாலே உணரி 12 மீட்டர் குறைத்துக் காட்டும். பறக்கவிடும் முன் மீண்டும் சுழியமாக்குங்கள். அந்த நகர்வையே தனி மாறியாக வடிகட்டியில் சேர்த்து மதிப்பிடுவது இன்னும் நல்லது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இன்னோர் அழுத்த உணரியைச் சேர்த்து, மூன்றில் இரண்டு சொல்வதை ஏற்றுக்கொள்ளலாமா?

மறுமொழி 3:
வேண்டாம். 2008 நவம்பர் 27 அன்று பிரான்சின் பெர்ப்பிஞான் அருகே கடலில் விழுந்த ஏர்பஸ் ஏ320 விமானத்தை நினைத்துப் பாருங்கள். கழுவியபோது உட்புகுந்த நீர் உறைந்து, மூன்று தாக்குகோண உணரிகளில் (எதிர்வரும் காற்றை இறக்கை சந்திக்கும் கோணத்தை அளப்பவை) இரண்டு ஒரே அளவில் நின்றுவிட்டன. அவை தமக்குள் ஒத்திருந்தும், விமானம் வேகமிழந்தபோது காக்கவேண்டிய ஏற்பாடு செயற்படவில்லை. எழுவர் இறந்தனர். ஒரே காரணத்தால் ஒன்றாகத் தவறக்கூடிய இரண்டு உணரிகளை இரண்டு சாட்சிகளாக எண்ணக் கூடாது. உங்கள் இரண்டு அழுத்த உணரிகளும் அதே 12 மீட்டரை ஒருசேரத் தவறவிடும். மூன்றாவதாக லேசர் தொலைவுமானியைப் பொருத்துங்கள். அதன் பிழைக்கும் வானிலை அழுத்தத்துக்கும் தொடர்பில்லை.