அருவியாறு காய்கிறது, களு கங்கை காய்வதில்லை. ஏன்?

கேள்வி (தரம்பத்து):
இலங்கை ஆறுகளை நீள வரிசையில் எழுதினால் மகாவலி 335 கி.மீ., அடுத்தது அருவியாறு 164 கி.மீ. ஆனால் ஆடி, ஆவணியில் அருவியாற்றில் மணல்தான் தெரிகிறது. 129 கி.மீ. மட்டுமே உள்ள களு கங்கையோ வருடம் முழுக்கப் பாய்கிறது. பிள்ளைகளுக்கு இதை எப்படி விளக்கலாம்? நெல்லுக்கும் மின்சாரத்துக்கும் குடிநீருக்கும் எந்த ஆறு முக்கியம்?

குளக்கட்டு:
நீளத்தை விடுங்கள் சேர், ஆறு எந்த மழையில் பிறக்கிறது என்று காட்டுங்கள். களு கங்கை சிவனொளிபாதமலைப் பக்கத்து ஈரவலயத்தில் பிறக்கிறது. தென்மேற்குப் பருவமழையும் இடைக்கால மழையும் அதற்குண்டு. அருவியாறு தம்புள்ளைப் பக்கத்துக் குன்றுகளில் தொடங்கி, அனுராதபுரம் வழியாக உலர்வலயத்திலேயே ஓடி, மன்னாரில் கடலைச் சேர்கிறது. அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் ஐப்பசி முதல் தை வரையான மழை. அதிலும் ஒரு பங்கை நாச்சதுவ போன்ற மேல்குளங்கள் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தைத் தேக்கம் என்ற இடத்திலுள்ள அணைக்கட்டு மறித்துக் கட்டுக்கரைக்குளத்துக்குத் திருப்புகிறது. ஆகவே ஆறு காய்ந்தாலும் மன்னார் வயலுக்குத் தண்ணீர் குளத்தில் இருக்கும். உலர்வலயத்தில் குளத்தையும் ஆற்றையும் பிரித்துப் பாடம் நடத்தவே கூடாது.

சுழலி:
மின்சாரத்துக்கு மகாவலியும் களனியும். களனியின் கிளைகளில் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் உள்ளன. மகாவலித் தொகுதியில் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே. விக்டோரியா மட்டும் 210 மெகாவாட்.

பாடப்புத்தகம் தொடாத சிக்கல் ஒன்று உண்டு. கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் 1976 முதல் மகாவலி நீரின் ஒரு பகுதி சுரங்கம் வழியாக உக்குவெல மின்நிலையத்துக்குப் போய், அங்கிருந்து அம்பன் கங்கை, போவதென்ன நீர்த்தேக்கம் வழியாகக் கலாவெவக் குளத்து நெல்வயல்கள்வரை செல்கிறது. விக்டோரியா இருப்பது பொல்கொல்லைக்குக் கீழே. வடக்கே திருப்பிய தண்ணீர் உக்குவெலவில் கொஞ்சம் மின்சாரம் தரும். விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே மூன்றிலும் அதன் மின்சாரம் இல்லை. வறட்சி வருடங்களில் நெல்லா, மின்சாரமா என்ற இழுபறி இங்கேதான் தொடங்குகிறது.

அம்பத்தளை:
குடிநீருக்குக் களனி. கொழும்பின் பெரும்பகுதிக்கு அம்பத்தளையில்தான் நீர் எடுக்கிறார்கள். மணல் அகழ்ந்து அகழ்ந்து ஆற்றின் அடி கடல்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. மாசி, பங்குனியில் மேலிருந்து வரும் நீர் குறைந்தால் கடல்நீர் உள்ளே ஏறும். உப்புநீர் கனமானது என்பதால் அடியோடு ஊர்ந்து வரும்; மேல்நீரை மட்டும் சோதித்தால் பிடிபடாது. அதைத் தடுக்கத்தான் ஆற்றின் குறுக்கே உப்புத்தடுப்பு போடுகிறார்கள். மணல் அகழ்வை நிறுத்தாமல் தடுப்பை மட்டும் நம்புவது பெரிய தவறு.

களு கங்கையின் மறுபக்கத்தையும் சொல்லிக்கொடுங்கள். மலையில் செங்குத்தாக இறங்கும் ஆறு, இரத்தினபுரிக்குக் கீழே கிட்டத்தட்டச் சமதரையில் ஓடுவதால் வெள்ளம் வடிய நாளாகும். 2003, 2017 மே மாதங்களில் நடந்தது அதுதான்.

தரம்பத்து:
நன்றி. குளத்து நீரை ஏக்கர் கணக்கில் காட்ட எளிய வழி உண்டா?

குளக்கட்டு:
உண்டு. ஒரு ஏக்கரில் ஓரடி ஆழம் நிற்கும் நீர்தான் ஒரு ஏக்கர் அடி. சிறுபோக (கோடைப்போக) நெல்லுக்கு ஏக்கருக்கு 5 ஏக்கர் அடி என்று வையுங்கள். குளத்தில் 12,000 ஏக்கர் அடி இருக்கிறது. துருசுக்கு (நீர் திறக்கும் மதகுக்கு) கீழே நிற்பது, ஆவியாவது, குடிநீர் எல்லாம் சேர்த்து 2,000 கழித்தால் மிச்சம் 10,000. அதைக்கொண்டு 2,000 ஏக்கர்தான் விதைக்கலாம். போகம் தொடங்குமுன் விவசாயிகளும் அதிகாரிகளும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இதற்கு மேல் ஒப்புக்கொண்டால் கதிர் வரும் நேரத்தில் கடைவாய்க்கால் வயல்கள் காயும்.