மெரிடியன் ஃப்ளிப்புக்குப் பிறகு நட்சத்திரங்கள் நீள்கின்றன: உதவி தேவை

பெகாசஸ் விண்மீன் குழுவில் உள்ள ஸ்டீஃபன் குவின்டெட் என்ற ஐந்து கேலக்ஸிக் கூட்டத்தை ஜவ்வாது மலையிலிருந்து படமெடுத்துக்கொண்டிருக்கிறேன். உச்சியைத் தாண்டும்வரை நட்சத்திரங்கள் வட்டமாக இருக்கின்றன. அங்கே மவுன்ட் (தொலைநோக்கியைத் தாங்கி நகர்த்தும் பகுதி) தொலைநோக்கியை மறுபக்கம் திருப்பியதும், அதாவது மெரிடியன் ஃப்ளிப் ஆனதும், ஃபிரேம் முழுக்க ஒரே திசையில் நீள்கின்றன. அந்தக் கூட்டத்தின் என்ஜிசி 7318ஏ, 7318பி கேலக்ஸிகள் இரண்டும் ஒரே திட்டாகிவிடுகின்றன. 29 கோடி ஒளியாண்டு தள்ளி மோதிக்கொண்டிருக்கும் அந்த ஜோடிக்காகத்தான் இவ்வளவு பாடும். 4 கோடி ஒளியாண்டில் குறுக்கே நிற்கும் 7320 மட்டும் சுமாராக வருகிறது.

8 இன்ச் எஃப்/5 நியூட்டோனியன் (கண்ணாடித் தொலைநோக்கி), ஓர நட்சத்திரங்களைச் சரிசெய்யும் கோமா கரெக்டர், ஐஎம்எக்ஸ் 571 சென்சார் கலர் கேமரா, 120 விநாடி சப்கள் (தனித்தனி எக்ஸ்போஷர்கள்). இந்த செப்டம்பரில்தான் தொடங்கியது. போன சீசனில் இதே செட்டப்பில் இல்லை.

முதலில் கைடிங்கை, அதாவது மவுன்ட் நட்சத்திரத்தைப் பின்தொடர்வதைத் திருத்துவதைச், சந்தேகித்தேன். கைடிங் மென்பொருளான பிஎச்டி 2-வில் ஆர்எம்எஸ் (சராசரிப் பிழை) ஃப்ளிப்புக்கு முன்னும் பின்னும் 0.8 ஆர்க்செகண்ட்தான். 10 விநாடி எக்ஸ்போஷரிலும் அதே நீளல், ஆக கைடிங் இல்லை. ஃப்ளிப்புக்குப் பின் லேசர் வைத்துப் பார்த்தேன், கொலிமேஷன் (கண்ணாடிகளின் நேர்வரிசை) நகரவில்லை. கேமராவை 90 டிகிரி திருப்பினால் படத்தில் நீளலின் திசையும் மாறுகிறது, எனவே சென்சார் சாய்வும் இல்லை. அப்புறம், ஃபோகஸுக்கு உள்ளே ஒரு திசை, வெளியே அதற்குச் செங்குத்தாக. அஸ்டிக்மாட்டிசம்தான் (இரு திசைகளில் ஃபோகஸ் வேறுபடும் குறை), கண்ணாடியை எதுவோ அழுத்துகிறது என்று நினைக்கிறேன்.

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் இந்த ஆண்டுக்கு அவ்வளவுதான்.

பிரைமரியை (பெரிய முதன்மைக் கண்ணாடி) கழற்றாமல், அழுத்தம் அதன் கிளிப்பிலா, செகண்டரி (சிறிய இரண்டாம் கண்ணாடி) ஹோல்டரிலா என்று கண்டுபிடிக்க வழி உண்டா?