வாப்பாவோட 286 கம்ப்யூட்டர், எப்படிக் காப்பாத்துறது?

கீழக்கரையான்: வாப்பா துபாய்லேர்ந்து கொண்டாந்த 286 சிப் போட்ட பழைய கம்ப்யூட்டரை மச்சுலேர்ந்து எறக்குனேன் காக்காமாரே, மதர்போர்டு ஓரம் பச்சை பூத்துக் கெடக்கு, பிளாப்பி 20 இருக்கு, புத்தகத்துல பாதி கரையான் தின்னுடுச்சு. ஆன் பண்ணிப் பாக்கவா?

பாம்பன்வாசி: வேணாம் தம்பி, கரண்டே குடுக்காதீங்க! பச்சை பூத்ததுக்குக் கடக்காத்து மட்டும் காரணமா இருக்காது, போர்டுல நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்தா அது ஒழுகியிருக்கும், மொதல்ல அதை வெட்டி எடுங்க. ஒழுகுனது காரம் (ஆல்கலி), அதை முறிக்க அமிலமான வினிகரைப் பஞ்சுல தொட்டுத் துடைச்சு, டிஸ்டில்டு வாட்டர்ல அலசி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டு நல்லா காயவிடணும்.

தொண்டி மாலுமி: பூஞ்சை புடிச்ச பிளாப்பிய அப்படியே டிரைவ்ல போட்டுறாதீங்க, டிஸ்க்கைப் படிக்கிற ஹெட்ல ஒட்டிக்கிட்டு அடுத்ததையும் கீறிடும். ஜம்பர் செட்டிங் (போர்டுல முள்ளுகளை இணைக்குற சின்ன மூடியை எங்க மாட்டணும்னு) போட்ட சின்னப் புத்தகம் இருந்தா அதைத்தான் மொதல்ல ஸ்கேன் பண்ணணும், டாஸ்ங்கிற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மேனுவல் எங்கயும் கெடைக்கும், இது கெடைக்காது.

கீழக்கரையான்: பேட்டரிய வெட்டிட்டேன் காக்கா. ஜம்பர் புத்தகமும் இருக்கு, கரையான் தொடல!