இரண்டு சேர்வர் கிளஸ்டரில் ஒன்றை நிறுத்தி வேலை செய்ய எது சரியான ஒழுங்கு?

கோணமலைப்பெண்:

வணக்கம். திருகோணமலை நகரத்தில் ஒரு தனியார் மருத்துவ ஆய்வுகூடத்தின் கணினிகளை நான்தான் பார்க்கிறேன். கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்று மூன்று இடங்களில் இரத்தம் எடுத்து இங்கே அனுப்புகிறார்கள். ரிப்போர்ட் எல்லாம் எங்கள் பின்னறையில் இருக்கும் இரண்டு சேர்வர்களில் இருந்துதான் போகிறது. இரண்டிலும் டெபியன் லினக்ஸ். ஒன்று விழுந்தால் மற்றது எடுத்து நடத்தும்படி இரண்டையும் கிளஸ்டராகச் சேர்ப்பது பேஸ்மேக்கர், அவை ஒன்றோடொன்று பேச கோரோசிங்க். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டிஆர்பிடி 9 டிஸ்கில் இருக்கிறது, ஒரு பக்கம் எழுதுவதை அது மற்றப் பக்கத்துக்கும் நகலெடுக்கும். பொது ஐபி ஒன்று, எந்தப் பக்கம் வேலை செய்கிறதோ அங்கே நிற்கும். ஃபென்சிங் (பதில் சொல்லாத சேர்வரை மற்றது அணைத்துவிடுவது) ஐபிஎம்ஐ வழியாக, அதாவது சேர்வருக்குள் இருக்கும் தூரக் கட்டுப்பாட்டுச் சிப் வழியாக.

மாரி மழை தொடங்கும் முன் இரண்டிலும் ராம் கூட்ட வேண்டும், யுபிஎஸ் பற்றரி மாற்ற வேண்டும், ஒன்றரை வருடமாகச் செய்யாத கேர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட்டையும் முடிக்க வேண்டும். வருகிற போயா (பௌர்ணமி விடுமுறை) அன்று வெளி இடங்கள் மூடியிருக்கும். ஆனால் வார்டுகளில் இருந்து அவசர ரிப்போர்ட் கேட்பார்கள், அதனால் முழுதாக நிறுத்த முடியாது.

சும்மா நிற்கும் பக்கத்தின் கரண்ட் வயரைக் கழற்றி ராமைப் போடுங்கள், மிச்சத்தைக் கிளஸ்டர் பார்த்துக்கொள்ளும் என்று தெரிந்த ஒருவர் சொன்னார். ஒரு பிள்ளையின் டெங்கு ரிப்போர்ட்டுக்காகத் தகப்பன் கவுண்டரில் நிற்கும் நேரத்தில் இது விழுந்துவிடக் கூடாது. செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

தம்பலகாமம்:

தங்கச்சி, வயரைத் தொடவே வேண்டாம். ஐபிஎம்ஐயும் அதே சேர்வரின் கரண்டில்தான் ஓடுகிறது. வயர் கழன்றால் அதுவும் பேசாது. மற்றப் பக்கம் கூட்டாளியைக் காணவில்லை என்று அணைக்கப் பார்க்கும், பதில் வராது. அணைந்துவிட்டது என்று உறுதியாகும் வரை கிளஸ்டர் எதையும் புதிதாக எடுத்து நடத்தாது. டிஆர்பிடியில் ஃபென்சிங் முடியும் வரை எழுத்தை நிறுத்திவை என்று அமைத்திருந்தால் நல்ல பக்கத்து டேட்டாபேஸும் உறைந்து நிற்கும். சொல்லிவிட்டு விலகும் சேர்வரைக் கிளஸ்டர் தேடாது.

முதலில் டிஆர்பிடி நிலையைப் பாருங்கள். இரண்டு பக்கமும் அப்டுடேட் (இரண்டு நகலும் ஒன்று) என்று இருந்தால் மட்டும் மேலே போகலாம். ஒரு பக்கம் இன்னும் சிங்க் ஆகிக்கொண்டிருந்தால் பொறுங்கள், அன்றைக்கு முடியாவிட்டால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். டேட்டாபேஸின் பாக்கப்பை எடுத்து வேறொரு மெஷினில் விரித்துப் பார்த்துவிடுங்கள். டிஆர்பிடி பாக்கப் ஆகாது, இந்தப் பக்கம் அழித்தது அந்தப் பக்கமும் அழிந்துவிடும்.

சும்மா நிற்கும் பக்கத்தில் தொடங்குங்கள். அதை ஸ்டாண்ட்பையில் (எந்தச் சேவையையும் ஏற்காத நிலை) போட்டு, அதில் கிளஸ்டர் சேவையை நிறுத்தி, பிறகு மெஷினை முறையாக அணையுங்கள். ராம் போட்டு, கேர்னல் ஏற்றி எழுப்பியதும் உடனே ஸ்டாண்ட்பையை எடுத்துவிட வேண்டாம். புதிய கேர்னலில் எந்த டிஆர்பிடி மொட்யூல் (கேர்னலில் ஏறும் துணைப் பகுதி) ஏறியிருக்கிறது என்று பாருங்கள். கேர்னலுடன் வருவது 8.4, உங்களுக்குத் தேவை 9. சரியான மொட்யூல் ஏறிய பிறகுதான் ஸ்டாண்ட்பையில் இருந்து எடுக்கலாம். எடுத்ததும் சிங்க் தொடங்கும், அது முடிந்து திரும்பவும் இரண்டும் அப்டுடேட் ஆகும்வரை மற்றப் பக்கத்தைத் தொடாதீர்கள்.

அடுத்தது வேலை செய்யும் பக்கம். ஸ்டாண்ட்பை கொடுக்கும் முன் போஸ்ட்கிரெஸில் கையால் ஒரு செக்பொயின்ட் (ராமில் கிடப்பதை டிஸ்கில் எழுதவைப்பது) ஓடவிடுங்கள். எழுத வேண்டியது நிறையக் கிடந்தால் டேட்டாபேஸ் நிற்க நேரம் எடுக்கும். கொடுத்த நேரத்துக்குள் நிற்காவிட்டால் பேஸ்மேக்கர் அதை நிறுத்த முடியாத சேவை என்று எடுத்துக்கொண்டு அந்த மெஷினையே ஃபென்ஸ் பண்ணிவிடும். ஃபென்சிங் இருக்கும் இடத்தில் அதுதான் அதன் இயல்பு. அமைதியாக மாற்ற நினைத்தது ஓடும் சேர்வரைப் பட்டென்று அணைத்ததில் முடியும்.

பெயரைப் பார்த்து மெயின்டனன்ஸ் மோடைப் போட்டுவிடாதீர்கள். சேவைகளை அது இடம் மாற்றாது. இருக்கும் இடத்திலேயே ஓடவிட்டு, கிளஸ்டரின் கையை மட்டும் கட்டிவைக்கும். பேஸ்மேக்கரையே அப்டேட் செய்யும்போது அது நல்லது. நான் முன்பு வேலை செய்த இடத்தில் அப்படிப் போட்டுவிட்டு எடுக்க மறந்துவிட்டேன். எல்லாம் ஓடியது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது கிழமை ஒரு சாமத்தில் ஓடிய மெஷின் படுத்தது. மற்றது பக்கத்தில் நல்ல சுகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றது. விடிந்து ஆட்கள் வரும்வரை ஒன்றும் இல்லை. அன்று தொடக்கம் வேலை முடிந்த பிறகு கிளஸ்டர் நிலையை முழுதாக எழுதி எடுத்து, தொடங்கும் முன் எழுதியதோடு வரிக்கு வரி ஒப்பிடாமல் நான் வீட்டுக்குப் போவதில்லை.

மூதூரான்:

அண்ணா சொன்னது எல்லாம் சரி. கரண்ட் போவதையும் கணக்கில் எடுங்கள், அக்டோபர் பின்னேரங்களில் இடி மின்னலோடு எத்தனை தரம் போகிறது!

இரண்டு நோட் (இரண்டு சேர்வர்) அமைப்பில் கோரோசிங்க், எல்லாரும் வரும்வரை காத்திரு என்ற விதியைத் தானாகவே போட்டுக்கொள்ளும். ஒரு சேர்வரைத் திறந்து வைத்திருக்கும் நேரம் மற்றதும் அணைந்து எழும்பினால், அது தன் கூட்டாளியை ஒரு தரமாவது காணும்வரை எதையும் தொடங்காது. டேட்டா முழுதாக இருந்தும் சும்மா நிற்கும். அப்போது அந்தக் காத்திருப்பை நீக்கும் குவோரம் அன்பிளொக் கட்டளை கொடுக்கலாம். ஆனால் மற்றது உண்மையிலேயே அணைந்து கிடக்கிறது என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகு மட்டும். அவசரத்தில் திறந்து வைத்த பழைய பக்கத்தை எழுப்பித் தனியே ஓடவிட்டால் இரண்டு விதமான டேட்டா உருவாகிவிடும். யாருடைய ரிப்போர்ட் எதில் இருக்கிறது என்று பிறகு தேடி எடுப்பது பெரிய பாடு.

அதனால் யுபிஎஸ் வேலையை ராம் வேலையோடு சேர்க்காமல் இன்னொரு நாளுக்கு விடுங்கள்.

கோணமலைப்பெண்:

இரண்டு பேருக்கும் நன்றி. பற்றரியை அடுத்த கிழமைக்கு மாற்றிவிட்டேன். அண்ணா, ஸ்டாண்ட்பைக்குப் பதில் சேவையை மூவ் கட்டளையால் நகர்த்தினால் என்ன?

தம்பலகாமம்:

நகரும். ஆனால் நீங்கள் பாவிக்கும் கருவியையும் பதிப்பையும் பொறுத்து, இந்தச் சேவை இந்தப் பக்கம்தான் என்று ஒரு விதியை அது விட்டுவிட்டுப் போகலாம். அப்படி விட்டால் நீங்கள் கிளியர் கொடுக்கும் வரை அது கிடக்கும். ஸ்டாண்ட்பையில் அந்த மிச்சம் இல்லை.

கோணமலைப்பெண்:

போயா அன்று விடியக்காலை ஐந்தரைக்குத் தொடங்கினேன். சும்மா நின்ற பக்கத்தில் ராம் நன்றாக ஏறியது. புதிய கேர்னலில் எழுப்பிப் பார்த்தால் டிஆர்பிடி 8.4 என்று காட்டியது. புதிய கேர்னலின் ஹெடர் பக்கேஜ் (மொட்யூல் கட்டத் தேவையான கோப்புகள்) இல்லாததால், கேர்னல் மாறும்போது மொட்யூலைத் திரும்பக் கட்டும் டிகேஎம்எஸ் கருவி 9ஐக் கட்டவே இல்லை. ஸ்டாண்ட்பையில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஹெடரைப் போட்டு, மொட்யூலைக் கட்டி, திரும்ப எழுப்பி, ஸ்டாண்ட்பையை எடுத்தேன். சிங்க் முடிய ஏழு நிமிடம் எடுத்தது.

பிறகு செக்பொயின்ட், ஸ்டாண்ட்பை. 22 செக்கனில் மற்றப் பக்கம் எடுத்துக்கொண்டது. வார்டில் இருந்த தாதி அக்காவிடம் கேட்டேன், ஒருதரம் ரிஃப்ரெஷ் பண்ணினேன் என்றார். இரண்டாவது மெஷினில் ஹெடரை முதலே போட்டுவிட்டேன்.

முன்னும் பின்னும் எழுதி எடுத்த நிலையை ஒப்பிட்டேன். ஒரே ஒரு வித்தியாசம்: சேவைகள் இப்போது மற்றப் பக்கத்தில் ஓடுகின்றன. திருப்பிக் கொண்டுபோக வேண்டுமா?

தம்பலகாமம்:

வேண்டாம் தங்கச்சி, அங்கேயே ஓடட்டும். தேவையில்லாமல் இன்னொரு 22 செக்கன் எதற்கு.