அப்பா கடை நாற்காலியை விற்றுவிட்டு ரெட்ரோ செட் வாங்கலாமா?

கடைக்காரர்மகன்:
பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் அப்பா நடத்திய சாப்பாட்டுக் கடையை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. ஆறு வளைமர நாற்காலியும் ஒரு வட்ட மார்பிள் மேசையும் அத்தை வீட்டு ஸ்டோரில் தூசி படிந்து கிடக்கின்றன. அடுத்த மாதம் ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறோம். என் மனைவிக்கு, முதுகில் ஒய் எழுத்து மாதிரி கட்டை வைத்த அந்த ரெட்ரோ, அதாவது பழைய பாணி டேனிஷ் நாற்காலி வேண்டுமாம். ஒரிஜினல் நமக்குக் கட்டாது, காப்பிதான். நாலு நாற்காலி 1,200 வெள்ளி (ரிங்கிட்). பழைய செட்டை ஒரு கஃபேக்காரர் 900 வெள்ளிக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?

வளைமரம்:
கொடுக்காதீர்கள் தம்பி. உங்கள் ஸ்டோரில் கிடப்பதுதான் டிசைனர் நாற்காலி. ஐரோப்பிய மரச்சாமான் தயாரிப்பாளர் மிக்கேல் தோனெட் 1859இல் செய்த 14ஆம் எண் நாற்காலியின் வம்சம் அது. ஆறு மரத்துண்டு, பத்துத் திருகு, இரண்டு நட்டு, அவ்வளவுதான். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி அடங்கும். கப்பலேறி உலகம் முழுக்கப் போனது அதனால்தான். இன்னொரு விஷயம். அவர் முதலில் மெல்லிய பலகைகளைப் பசை போட்டு ஒட்டித்தான் வளைத்தார். வெப்பமும் ஈரமும் உள்ள ஊர்களில் பசை விட்டுப்போனது. அப்புறம்தான் முழு பீச் மரத்தையே நீராவியில் வேகவைத்து வளைத்தார். நம் ஊர்க் காற்றுக்கு இதைவிடப் பொருத்தமானது எது?

நான்காம்மாடி:
அண்ணே, பெருமை சரி. உட்காருவது யார்? அந்த நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும். கோப்பி குடித்துவிட்டு எழுந்து போகிறவனுக்குச் செய்தது அது. புது வீட்டில் மனைவி ஆசைப்பட்டதை வாங்குங்கள். காப்பி என்று கூச்சப்பட வேண்டாம். இன்று கஃபேக்கு கஃபே காணும் அமெரிக்க வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதியின் வார்ப்பு நாற்காலி, 1948இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய மலிவு விலை மரச்சாமான் போட்டியிலிருந்து வந்தது. மலிவாக இருக்கத்தான் பிறந்தது! இப்போது ஒரிஜினலின் விலையைப் பாருங்கள்.

டிசைன்மாணவி:
மலிவு வேறு, திருட்டு வேறு. கடைக்காரர்மகன் அண்ணனின் மனைவி கேட்கிற அந்த நாற்காலியை ஹான்ஸ் வெக்னர் 1949இல் வரைந்தார். இருக்கை முழுக்கக் காகிதக் கயிறு, ஒரு நாற்காலிக்குச் சுமார் 120 மீட்டர், கையால் பின்னுவது. 300 வெள்ளி நாற்காலியில் அந்த வேலையை எதிர்பார்க்க முடியாது. பிரிட்டனில் 2016இல் சட்டத்தையே மாற்றினார்கள். கலைப்படைப்பாக ஏற்கப்பட்ட நாற்காலிக்கு, வடிவமைத்தவர் இறந்து 70 ஆண்டு வரை பாதுகாப்பு. வெக்னர் இறந்தது 2007இல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம்மாடி:
தங்கச்சி, நாம் இருப்பது மலேசியா. இங்கே பதிவு செய்த வடிவத்துக்கே அதிகபட்சம் 25 ஆண்டுதான். ஒரிஜினல் பெயரைப் போட்டு ஏமாற்றி விற்றால் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் அந்தக் காகிதக் கயிற்றில் என் பையன் சாம்பார் ஊற்றினால் யார் துடைப்பது?

பாசார்அக்கா:
ஒரிஜினல், காப்பி என்று சண்டை போடுகிறீர்களே, ஒன்று சொல்கிறேன். தோனெட்டின் காப்புரிமை 1869இல் முடிந்தது. மறுநாளே மற்றக் கம்பெனிகள் அதே நாற்காலியை இறக்கிவிட்டன என்றே வைத்துக்கொள்ளலாம். லோரோங் குலிட் பழைய சாமான் சந்தையில் இருபது வருஷமாக நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்கிறேன், தோனெட் முத்திரையை நான் பார்த்தது ரொம்பக் குறைவு. வளைமரம் அண்ணே, உங்கள் கோப்பிக் கடை நாற்காலியும் காப்பிதான்! தம்பி, முதலில் உங்கள் நாற்காலியைக் கவிழ்த்து இருக்கை வளையத்தின் உள்பக்கம் பாருங்கள்.

வளைமரம்:
சரி, அக்கா சொல்வது நியாயம்தான். ஆனால் ஆடினால் திருகை முடுக்கி இன்னொரு ஐம்பது வருஷம் ஓட்டலாம். பசையால் நிற்கிற நாற்காலி ஆடினால்?

தோட்டத்துப்பையன்:
எனக்கு இந்த ரெட்ரோ என்ற வார்த்தையே ஒட்டவில்லை. யாருடைய பழசு இது? எங்கள் லயத்து வீட்டில் இருந்தது ஒரு பெஞ்சும் பாயும். கொஞ்சம் வசதி வந்த பிறகு, இரும்புச் சட்டத்தில் பிளாஸ்டிக் கயிறு சுற்றிய நாற்காலி. வெறும் உடம்போடு உட்கார்ந்தால் முதுகெல்லாம் கோடு விழும். இப்போது அதையும் பால்கனிக்கு வாங்குகிறார்களாம்.

ஆனால் காப்பி நாற்காலியைக் கேவலமாகப் பேசுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. ஜொகூர் மாநிலத்து மூவாரில் செய்து வருகிற இந்த மாதிரி நாற்காலி பலதும் எந்த மரம் தெரியுமா? பால் மரம், அதுதான் ரப்பர் மரம். 25, 30 வருஷம் பால் வெட்டி, இனி வராது என்றால் சாய்த்துவிடுவார்கள். முன்பெல்லாம் விறகுக்குத்தான் போகும். மருந்து ஏற்றிக் காய வைக்கக் கற்ற பிறகுதான் மரச்சாமான் ஆனது, இல்லாவிட்டால் வண்டு துளைத்து மாவாக்கிவிடும். என் பாட்டி விடியற்காலை இருட்டில் வெட்டிய மரம். அந்த டேனிஷ்காரர் பெயரைவிட எனக்கு அது பெரிது.

டிசைன்மாணவி:
அண்ணா, அப்படியென்றால் அந்த மரத்தில் நம் வடிவத்தைச் செய்யலாமே. நான் கேட்பதும் அதுதான்.

தோட்டத்துப்பையன்:
செய்யுங்கள் தங்கச்சி, முதல் நாற்காலி எனக்கு. முதுகில் கோடு விழாமல் இருந்தால் போதும்.

கடைக்காரர்மகன்:
கவிழ்த்துப் பார்த்தேன். முத்திரை எதுவும் இல்லை. ஒன்றில் கிழிந்த காகித லேபிள், போலந்து என்று மட்டும் படிக்க முடிகிறது. மூன்றில் சூயிங்கம். திருகை முடுக்கி, துடைத்து, நேற்று இரவு மனைவி அதில் உட்கார்ந்தே தோசை சாப்பிட்டாள். நாலை வைத்துக்கொள்ளலாம், சாய்ந்துகொள்ள மெத்தை கட்டித் தரவேண்டும் என்கிறாள். மேசை மட்டும் வேண்டாமாம், பிணவறைக் கல் மாதிரி இருக்கிறதாம்! கஃபேக்காரரோ மேசை இல்லாமல் எதுவும் வேண்டாம் என்கிறார். அவளைச் சம்மதிக்க வைத்தாலும் அந்தக் கல்லை மூன்றாம் மாடிக்கு எப்படி ஏற்றுவது? லிஃப்ட் சின்னது.

பாசார்அக்கா:
கால் தனி, கல் தனியாகக் கழற்றுங்கள். கல்லைப் படுக்கப் போட்டுத் தூக்கினால் நடுவில் விரிசல் விட்டுவிடும். தட்டை நிறுத்துகிற மாதிரி நிறுத்தி, கம்பளி சுற்றி, இரண்டு பேர் பிடியுங்கள். லிஃப்டிலும் நின்றபடியே போகட்டும். முந்தின நாளே காவலாளியிடம் சொல்லிவிடுங்கள்.