அடிப்பிடிச்ச பாத்திரம்: சோடாவா, வினிகரா?

ரேவதி: 📷 பால் அடிப்பிடிச்சிருக்கு. எவர்சில்வர் பாத்திரம், அடி முழுக்கக் கருப்பு. சமையல் சோடாவையும் வினிகரையும் ஒண்ணா ஊத்தினா பொங்கிக் கருகலைத் தூக்கிடும்னு ஒரு வீடியோல காட்டுறாங்க. செய்யலாமா அத்தை?

வசந்தா அத்தை: வேண்டாம்மா. சோடா காரம், வினிகர் அமிலம். ரெண்டும் சேர்ந்தா ஒண்ணோட வேகத்தை இன்னொண்ணு முறிச்சிடும். பொங்குறது வெறும் கார்பன் டை ஆக்சைடு. நுரை அடங்கினா மிச்சம் லேசான உப்புத் தண்ணிதான். அது எதையும் இளக்காது.

வசந்தா அத்தை: கருகலுக்கு சோடா மட்டும் போதும். கருப்பு மூழ்கி அதுக்கு மேல ரெண்டு விரக்கடை பச்சைத் தண்ணி ஊத்து. லிட்டருக்கு ரெண்டு மேசைக்கரண்டி சோடா. கொதி வந்ததும் தீயைக் குறைச்சு 15 நிமிஷம். அணைச்சிட்டு கை பொறுக்குற சூடு வர்ற வரைக்கும் அப்படியே விடு.

கார்த்தி: சோடாவைப் பச்சைத் தண்ணிலயே கரைச்சிடுங்க அக்கா. கொதிக்கிற தண்ணில கொட்டினா சட்டுனு பொங்கி அடுப்பெல்லாம் வழியும்.

பாலு மாமா: ஏன் கொதிக்க வைக்கச் சொல்றோம்னா, சூட்டுல சமையல் சோடாவுல கொஞ்சம் சலவை சோடாவா மாறும். அதோட காரம் இன்னும் அதிகம். பால் கருகல்ல இருக்குறது புரதமும் சர்க்கரையும் கொழுப்பும். காரம் புரதத்தை இளக்கும், கொழுப்பை சோப்பாக்கும். அதனால ஊற வைக்கிறதைவிடக் கொதிக்க விடறது சீக்கிரம் வேலை செய்யும்.

ரேவதி: கொதிச்ச பிறகு கம்பி நாரால தேய்க்கலாமா?

வசந்தா அத்தை: தேய்க்குறதுக்கு முன்னாடி மரக்கரண்டியால ஓரத்துல இருந்து நெம்பிப் பாரு. நல்லா இளகியிருந்தா தோல் உரியற மாதிரி சுருண்டு வரும். அப்படி வரலைன்னா பலத்தைக் காட்டாதே, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு புது சோடாத் தண்ணில இன்னொரு தடவை கொதிக்க வை. ரொம்பத் தடிச்ச கருகலுக்கு ரெண்டு மூணு சுற்று ஆகும்.

வசந்தா அத்தை: கம்பி நார் கோடு போடும். அந்தக் கோட்டுலதான் அடுத்த தடவை பால் முதல்ல பிடிக்கும். சாதா இரும்பு நாரா இருந்தா உடைஞ்ச துணுக்கு பாத்திரத்துல ஒட்டித் துருப்பிடிக்கும், பாக்குறவங்க பாத்திரமே துருப்பிடிச்சிடுச்சுன்னு நினைப்பாங்க. நைலான் நார் போதும்.

பாலு மாமா: இன்னொண்ணு. அடிப்பிடிச்ச உடனே சூட்டோட குழாயடில பிடிக்காதே. அடி வளைஞ்சிடும். வளைஞ்ச பாத்திரம் அடுப்புல ஆடும், சூடு ஒரே இடத்துல ஏறும், அங்கேயே திரும்பத் திரும்பக் கருகும்.

சுதா சித்தி: அண்ணி, என் அலுமினிய குக்கர் உள்ளே கருத்துப் போயிருக்கு. அதுக்கும் இதே சோடாத் தண்ணிதானே?

பாலு மாமா: கூடாது சுதா! அலுமினியத்துக்குக் காரம் ஆகாது. மேல இருக்குற ஆக்சைடு படலத்தைக் காரம் அரிச்சிடும், உள்ளே இன்னும் கருக்கும். சலவை சோடாவோ பாத்திரம் கழுவுற மெஷின் பொடியோ பட்டா குழி குழியா ஆகும்.

வசந்தா அத்தை: அலுமினியத்துக்கு அமிலம்தான். கருப்புக் கோட்டுக்கு மேல வர்ற வரைக்கும் தண்ணி, லிட்டருக்கு ரெண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு இல்லைன்னா வினிகர். சிட்ரிக் ஆசிட் பொடின்னா ஒரு டீஸ்பூன். மூடியைப் பூட்டாம 10 நிமிஷம் கொதிக்க விடு, நிறம் மாறுறது கண்ணுக்கே தெரியும். உடனே கொட்டிக் கழுவிடு, ராத்திரி முழுக்க விடாதே. அமிலமும் நேரமானா அரிக்கும்.

சுதா சித்தி: உள்ளே கருகல் ஒட்டியிருந்தா?

வசந்தா அத்தை: வெந்நீரும் பாத்திர சோப்பும் ஊத்தி ஒரு மணி நேரம் ஊற வெச்சு மரக்கரண்டியால எடு. மெதுவாத்தான் வரும், ஆனா குக்கருக்குக் கேடு இல்லை.

பாலு மாமா: குக்கர் தண்ணி வத்தித் தீய்ஞ்சிருந்தா, சுத்தம் பண்றதோட நிறுத்தாதீங்க. கேஸ்கட் கெட்டிப்பட்டிருக்கா, வெடிச்சிருக்கான்னு பாருங்க. சேஃப்டி வால்வுல இருக்குற உலோகம் உருகியிருந்தா புதுசு மாத்தாம அடுப்புல ஏத்தக் கூடாது. வெயிட் உக்கார்ற குழாயை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா ஓட்டை தெரியணும். அடி உப்பியிருந்தா அந்தக் குக்கரை விட்டுடுங்க.

ரேவதி: மாமா, கருகல் பூரா வந்திடுச்சு. ஆனா அடில நீலமும் மஞ்சளுமா வானவில் மாதிரி நிக்குது.

பாலு மாமா: அது அழுக்கு இல்லை. அதிக சூட்டுல ஸ்டீல் மேல இருக்குற ஆக்சைடு படலம் தடிச்சதால வர்ற நிறம். இப்பதான் வினிகருக்கு வேலை. சோடா சுத்தமாப் போற வரைக்கும் அலசிட்டு, ரெண்டு ஸ்பூன் வினிகரைத் துணியில தொட்டுத் துடை. வெள்ளை வெள்ளையா உப்புத் தண்ணிக் கறை இருந்தாலும் அதுலயே போயிடும்.

கார்த்தி: வெள்ளைப் புள்ளியைத் தடவிப் பார்த்தா குழி மாதிரி இருந்துச்சுன்னா?

பாலு மாமா: அது போகாது. பச்சைத் தண்ணில உப்பைப் போட்டா அடில உக்காந்து ஸ்டீலைப் புள்ளி புள்ளியா அரிக்கும். தண்ணி கொதிச்ச பிறகு போட்டுக் கலக்கிவிட்டா வராது.

கார்த்தி: பாத்திரத்துக்கு வெளியே, அடில பழுப்பா பசை மாதிரி இறுகியிருக்கே, அது?

வசந்தா அத்தை: அது எண்ணெய். சூட்டுல வார்னிஷ் ஆகிடுது. கொதிக்க வைக்க முடியாதுங்கறதால பத்து போடணும். மூணு பங்கு சோடா, ஒரு பங்கு தண்ணி. கெட்டியாக் குழைச்சுத் தடவி, காயாம இருக்க ஈரத்துணி போட்டு ராத்திரி முழுக்க விடு. காஞ்சா அதோட வேலை நின்னுடும், பல பேர் கோட்டை விடறது அங்கேதான். இதுவும் ஸ்டீலுக்கு மட்டும்.

சுதா சித்தி: ப்ளீச் ஊத்தினா சீக்கிரம் போகாதா?

பாலு மாமா: ப்ளீச்சுல இருக்குற குளோரின் ஸ்டீலை அரிக்கும், கருகலை எடுக்காது. ப்ளீச்சோட வினிகரோ எலுமிச்சையோ சேர்ந்தா குளோரின் வாயு வரும், நுரையீரலுக்கு ஆபத்து. அந்த பாட்டிலைப் பாத்திரம் கழுவுற இடத்துலயே வைக்காதீங்க, தயவுசெஞ்சு.

ரேவதி: நான்ஸ்டிக்குக்கு?

வசந்தா அத்தை: வெதுவெதுப்பான சோடாத் தண்ணி, மெத்துனு ஸ்பாஞ்சு, அவ்வளவுதான். பூச்சு உரிஞ்சு வந்தா மாத்திடு. வெறும் சட்டியைக் காய வைக்காதே, 260 டிகிரி செல்சியஸ் தாண்டினா பூச்சு சிதைய ஆரம்பிக்கும்.

கார்த்தி: இரும்பு வாணலியில துரு. அதுக்கு வினிகர் சரியா அத்தை?

வசந்தா அத்தை: சரி, ஆனா பக்கத்துலயே நிக்கணும். வினிகரும் தண்ணியும் சரிபாதி, அரை மணி நேரத்துல எடுத்துப் பாரு. துரு இளகியிருந்தா தேய்ச்சுக் கழுவிடு. விட்டா துருவுக்கு அப்புறம் இரும்பையே தின்ன ஆரம்பிக்கும். கழுவினதும் அடுப்புல வெச்சு ஈரத்தை ஓட்டு, துணியால துடைச்சா மட்டும் பத்தாது.

வசந்தா அத்தை: சூட்டோட அரை டீஸ்பூன் எண்ணெய் விட்டு உள்ளே வெளியே தடவு. அப்புறம் காஞ்ச துணியால எண்ணெயே இல்லைன்னு தோணுற வரைக்கும் துடைச்சிட்டு, லேசாப் புகை வர்ற வரைக்கும் காய வை. ஜன்னலைத் திறந்து வெச்சுக்கோ. மூணு நாலு தடவை இப்படிச் செய்யணும்.

கார்த்தி: ஆறின பிறகு தொட்டா பிசுபிசுன்னு இருந்தா?

வசந்தா அத்தை: எண்ணெய் அதிகம்னு அர்த்தம். புதுசா எண்ணெய் விடாம இன்னும் அரை மணி நேரம் நிதானமான தீயில காய விடு, இறுகிடும்.